பயிற்சிக்கு மட்டும்

பிப்ரவரி 6

அண்ணா,

ஒரு வாரமாகப் போன் அடிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அண்ணிதான் எடுக்கிறார். "அவர் பேச மாட்டாராம். சொல்லணும்னா எழுதச் சொல்லுங்கறாரு" என்கிறார். அறுபத்திரண்டு வயதில் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள உன்னால்தான் முடியும். சரி, எழுதுகிறேன். பஸ்ஸில் ஊரே கேட்கக் கத்திய கண்டக்டருக்குக் கடிதம் போட வேண்டிய காலம் வந்துவிட்டது, வேறென்ன.

அன்று வகுப்பில் நடந்ததை நீ உன் பக்கம் நின்று மட்டும் பார்க்கிறாய். கொஞ்சம் என் பக்கமும் வந்து பார். சின்னச் சின்ன கிளினிக்குகளிலிருந்து இருபது நர்சுகள், இருக்கிற வேலையை யார் தலையிலோ கட்டிவிட்டு, ஒரே ஒரு நாள் வருகிறார்கள். வருஷக்கணக்காகப் புகை பிடித்தவர், ஆனால் உடம்பில் இன்னும் ஒரு தொந்தரவும் தெரியாதவர், அப்படிப்பட்டவரிடம் எப்படிப் பேசி நுரையீரல் ஸ்கேனுக்குச் சம்மதிக்க வைப்பது என்று அந்த ஒரு நாளில் நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். தொந்தரவு தெரிவதற்கு முன்பே புற்றுநோயைப் பிடித்துவிட்டால் பிழைக்க வைக்கலாம். அவ்வளவுதான் பாடம். அதற்குத்தான் உன்னை நாற்காலியில் நோயாளியாக உட்கார வைக்கிறேன்.

உன் அளவுக்கு நடிக்க ஆள் கிடையாது, இதை எப்போதும் சொல்கிறேன். "ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பீங்க ஐயா?" என்று கேட்டால் "அஞ்சு" என்பாய். மறுபடி தன்மையாகக் கேட்டால் "பத்து இருக்கும்" என்பாய். அதற்கும் முகம் சுளிக்காமல் இருந்தால்தான் முழுப் பாக்கெட்டும் வெளியே வரும். நிஜ மனிதர்கள் அப்படித்தான் பொய் சொல்கிறார்கள். அதை எந்தப் புத்தகத்தை வைத்தும் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஆனால் உன்னிடம் கொடுத்த தாளில் "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை" என்றுதானே எழுதியிருக்கிறது? நீயோ, அந்தக் கண்ணாடி போட்ட பெண் கேட்டதும், "இருமினா ரத்தம் வருதும்மா" என்கிறாய். அவளும் தாளை மூடி வைத்துவிட்டு, "வீட்ல சொன்னீங்களா ஐயா?" என்று ஆரம்பிக்கிறாள். தாளில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. மற்ற பத்தொன்பது பேரும் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் முழிக்கிறார்கள். நான் கைதட்டி நிறுத்தினேன். "பெரியவருக்குப் பாடம் மறந்துபோச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரிப்பாய் என்றுதான் நினைத்தேன். நீ எழுந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாய், சாப்பிடக்கூட இல்லை.

அடுத்த வகுப்பு இருபதாம் தேதிக்கு முன்னால் வருகிறது. வந்துவிடு. அண்ணியிடம் போனைப் பிடுங்கியாவது ஒரு வார்த்தை பேசு.

தங்கை


பிப்ரவரி 12

டீச்சரம்மாவுக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது. மன்னிப்பு மட்டும் எங்கே என்று தேடினேன், உறையைக்கூட உதறிப் பார்த்தேன்.

நான் வரவில்லை. வேறு நோயாளியைப் பார்த்துக்கொள். போனிலும் பேச மாட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. எழுதினால் நிதானமாகத் திட்டலாம், நடுவில் நீ குறுக்கே பேச முடியாது.

உன் வகுப்பில் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறாயே, "குற்றம் சொல்லாதே" என்று, நான் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே. மூன்று வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் எல்லாம் "ஐயா, உங்க மேல தப்பு சொல்றதுக்காகக் கேக்கலை" என்று ஆரம்பிப்பார்கள். கேட்கவே சுகமாக இருக்கும். உன் வீட்டு வாசலில் அதை ஏன் ஒட்டவில்லை? போன வருஷம் உன் வீட்டுக்காரரின் ஆபீஸ்காரர்கள் வந்தபோது வாசலிலேயே என்னை நிறுத்தி, சட்டையை மோந்து பார்த்து, "இந்த நாத்தத்தோட உள்ள வராதே" என்று உள்ளே விடாமல் மாற்றுச் சட்டை கொண்டுவந்து கொடுத்தாயே. மாடிப்படியில் நின்று சட்டை மாற்றினேன். உன் வீட்டுக்காரர் சட்டை எனக்கு இறுக்கம்.

நான் இருமினால் போதும், நீ ஆரம்பித்துவிடுவாய். "பிடி, பிடி, நல்லா பிடி." வகுப்பில் என்றால் நான் ஐயா, வீட்டில் என்றால் நாற்றம். இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை.

அந்தக் கண்ணாடிக்காரப் பிள்ளை கெட்டிக்காரி. அவளை ஏன் பாதியில் நிறுத்தினாய்?

கண்டக்டர்


பிப்ரவரி 21

அண்ணா,

நீ வராததால் நான் பட்ட பாட்டைக் கேள். எங்கள் பயிற்சி நிலையத்துக் காவலாளியை உன் நாற்காலியில் உட்கார வைத்தேன். மனிதர் ஆறடி உயரம், மீசை எல்லாம் இருக்கிறது, பொருத்தமாக இருப்பார் என்று நினைத்தேன். முதல் நர்சு "எத்தனை வருஷமாப் புகை பிடிக்கிறீங்க ஐயா?" என்று கேட்டதும் ரோஷம் வந்துவிட்டது. "யாரைப் பாத்துக் கேக்கறே? என் வாழ்க்கையில ஒண்ணு தொட்டதில்லை!" என்று எழுந்து நின்றுவிட்டார். "நடிங்க அண்ணே" என்றால், "நடிப்புக்குக்கூட அந்தப் பேரு எனக்கு வேண்டாம்மா" என்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். அன்றைய வகுப்பு அதோடு போச்சு.

சட்டை விஷயம். ஆமாம், சொன்னேன். உன் மேல் அக்கறை இல்லாதவளாக இருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன். நோயாளி வேறு, நீ வேறு. அவர்களிடம் நான் பொறுமையாக இருப்பது என் வேலை. உன்னிடம் கோபப்படுவது என் உரிமை. இதில் என்ன புரியவில்லை உனக்கு?

நீ சொன்ன அந்த ஒரு வசனத்தால் பாடமே தலைகீழாகிவிட்டது, அதையும் புரிந்துகொள். ஸ்கேன் வரிசை என்பது தொந்தரவு இல்லாதவர்களுக்கு. ரத்தம் வருகிறது என்றால் அந்த ஆள் வரிசையில் நிற்கவே கூடாது, அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அது இன்னொரு பாடம், இன்னொரு நாள். இரண்டையும் கலந்தால் அந்தப் பிள்ளைகள் குழம்பிவிடும்.

கண்ணாடிக்காரிக்கு நான் தேர்ச்சி போடவில்லை. தாளில் இல்லாததைக் கேட்டாள், இருக்கிற கேள்விகளை முடிக்கவில்லை. மறுநாள் போன் வேறு செய்தாள். "மேடம், அந்த ஐயா நெசமாவே நல்லா இருக்காரா? ராத்திரி தூக்கமே வரலை" என்றாள். "அவர் என் சொந்த அண்ணன்மா, பிரமாதமா நடிப்பார், நீ தூங்கு" என்றேன். பார், அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறாய். எங்கே பிடித்தாய் அந்த வசனத்தை?

தங்கை


மார்ச் 3

பாப்பா,

அந்தப் பிள்ளைக்குத் தேர்ச்சி போடு. நீ எனக்குச் செய்ய வேண்டியது அதுதான்.

உன்னைச் சிரிக்க வைக்க என்னிடமும் ஒரு கதை இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் நர்சுகள் என் பேருக்கு ஸ்கேன் சீட்டு எழுதிப் பழகுவார்கள், நீ அதையெல்லாம் வாங்கிக் கிழித்துப் போடுவாய் அல்லவா? அன்று நான் எழுந்து போகும்போது கண்ணாடிக்காரி அவசரமாக ஒரு சீட்டு எழுதிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து அதை என் சட்டைப் பையில் வைத்துவிட்டாள். "எதுக்கும் வச்சுக்கோங்க ஐயா" என்றாள். பேர், வயது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

போன வாரம் இங்கே இருக்கிற ஸ்கேன் நிலையத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். சும்மாதான். நல்ல ஏசி, பளபளவென்று தரை. உட்கார்ந்து என் முறை வந்ததும் நீட்டினேன். கவுண்டரில் இருந்த ஆள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் காட்டினார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பெரியவரே, பின்னாடி பாத்தீங்களா? 'பயிற்சிக்கு மட்டும்'னு முத்திரை இருக்கு. இது செல்லாது" என்றார்கள். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

செல்லாத டிக்கெட்டுக்காக எத்தனை பேரை நடுவழியில் இறக்கிவிட்டிருப்பேன், நினைத்துப் பார். இப்போது என்னை இறக்கிவிட்டார்கள். "விளையாட்டுக்குத்தான் கொண்டுவந்தேன்" என்று சொல்லி நானும் சிரித்துவிட்டு வந்தேன். நல்ல வேடிக்கை.

காவலாளிக்கு என் பாராட்டைச் சொல். ரோஷக்காரர்.

நான் நன்றாக இருக்கிறேன். போன் செய்யாதே.

அண்ணன்


மார்ச் 7

அண்ணா,

இந்தக் கடிதத்தை உன் பழைய பஸ்ஸின் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இன்று சாயங்காலமே உன் வீட்டில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். போனில் பேச மாட்டேன் என்கிறாயே, அதனால்.

நீ எதற்கு ஸ்கேன் நிலையத்துக்குப் போனாய்?

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்துச் சிரித்தேன், அண்ணா. சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் படித்துக் காட்டினேன். அவர்களும் சிரித்தார்கள். படித்துக் காட்டும்போதே பாதியில் கடிதத்தை மடித்துவிட்டேன். ஏசிக்காக எவனாவது ஸ்கேன் நிலையத்துக்குப் போவானா?

உடனே அண்ணிக்குப் போன் போட்டேன். "அவர் குரல் எப்படி இருக்கு?" என்று மட்டும்தான் கேட்டேன். "குரலா? மழைக்காலத்துலேர்ந்தே தொண்டை கட்டித்தான் இருக்கு. பேச்சு வெறும் காத்தா வருது. உன்மேல கோவம், அதான் பேசலைன்னு சொன்னாரே" என்றார். அப்புறம் அவராகவே, "பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டுக்கிட்டாரு" என்றார்.

உனக்கு என்மேல் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ போனை எடுக்காதது கோபத்தால் இல்லை. நான் அந்தக் குரலைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் எடுக்கவில்லை. விட்டுப்போகாத தொண்டைக்கட்டு என்பது ஆபத்து அறிகுறிகள் என்று நான் கரும்பலகையில் எழுதுகிற இரண்டாவது வரி. முதல் வரி ரத்தம்.

அன்று வகுப்பிலும் உன் குரல் கரகரத்துத்தான் இருந்தது. "குரலில் நல்ல மாற்றம், பொருத்தமான நடிப்பு" என்று என் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறேன். என் கையெழுத்துதான்.

உங்கள் ஊர் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டரிடம் பேசிவிட்டேன். நாளைக் காலை அண்ணியோடு போ. இந்த உறையில் சீட்டு இருக்கிறது. உண்மையான சீட்டு, உண்மையான முத்திரை. யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் சனிக்கிழமை வந்துவிடுகிறேன்.

போ அண்ணா. திட்ட மாட்டேன். சத்தியமாக ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்.

பாப்பா


மார்ச் 30

பாப்பா,

திட்ட மாட்டேன் என்று எழுதிவிட்டு வந்து ஆஸ்பத்திரி நடையில் நிறுத்தி வைத்துத் திட்டினாய். போகிறவர் வருகிறவர் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். டீயைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாய். உன் டீயையும் நானே குடித்தேன்.

நீ போன பிறகு ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். முடிவும் வந்துவிட்டது. உன் அண்ணி போனில் சொல்லியிருப்பாள், ஆனால் அவள் பாதியில் அழுதுவிடுவாள், அதனால் நானே ஒழுங்காக எழுதுகிறேன். இடது நுரையீரலில் மேல்பக்கம் இருக்கிறது. குரலுக்குப் போகிற நரம்பை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம், அதுதான் தொண்டைக்கட்டு. ஏறின இடத்திலேயே சமர்த்தாக இருக்கக் கூடாதா? ஈரல் வரைக்கும் போயிருக்கிறது, முதுகெலும்பிலும் ஒரு இடத்தில் இறங்கியிருக்கிறது. அறுத்து எடுக்க முடியாது. மருந்து ஏற்றிப் பார்க்கலாம், கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம் என்கிறார்கள். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. நீயும் அவர்களைக் கேட்காதே.

படத்தைக் காட்டிச் சொன்னவர் சின்ன வயது டாக்டர். ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே, "இத்தனை வருஷம் ஊதினீங்கல்ல, அப்பவே யோசிச்சிருக்கணும்" என்றார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள், அவள்தான் பிடித்த மாதிரி. இவர் உன் வகுப்புக்கு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாசலுக்கு வந்ததும் எனக்கு ஒன்று பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடித்தேன். எழுதுவதற்கு என்ன வெட்கம்.

அன்று நடையில் நீ கேட்டாய். "முன்னப்பின்ன தெரியாத இருபது பேர்கிட்ட சொல்ல முடிஞ்சுது, கூடப் பொறந்தவகிட்ட சொல்ல முடியலையா?" அதைக் கேட்டபோது நீ அழுத அழுகை, அம்மா போனபோதுகூட நீ அப்படி அழுததில்லை.

அதற்குப் பதில் இருக்கிறது. இப்போது சொன்னால் நீ தாங்க மாட்டாய். விடு.

அண்ணன்


ஏப்ரல் 11

அண்ணா,

நான் வகுப்பை நிறுத்திவிட்டேன். மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. உடம்பு சரியில்லை என்று காரணம் எழுதினேன். யார் உடம்பு என்று எழுதவில்லை.

சொந்த அண்ணன் மூன்று வருஷம் என் கண்ணுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். வயது சரியாக இருக்கிறது. பிடித்த கணக்கு சரியாக இருக்கிறது. வகுப்புக்கு வகுப்பு இருபது பேர் உன் பேருக்குச் சீட்டு எழுதினார்கள், ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டியவர் என்று. நான் அத்தனையையும் வாங்கிக் கிழித்துக் கூடையில் போட்டேன். அதில் ஒன்றே ஒன்றை எடுத்து, என் கையெழுத்தைப் போட்டு உன்னை அனுப்பியிருந்தால்? முதல் வருஷமே அனுப்பியிருந்தால்? உன்னை எத்தனை தடவை "பிடிக்கிறதை விடு, விடு" என்று திட்டியிருப்பேன். "வா, பார்த்துவிடலாம்" என்று ஒரு தடவை சொன்னேனா? நீ நடிக்கிறவன் என்றே என் மண்டையில் ஏறிவிட்டது. இனி எந்த முகத்தோடு அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் எடுப்பது?

ஆனால் உன்மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை. எழுதும்போதே வருகிறது. நான் சட்டையை மோந்து பார்த்தேன், படியில் நிற்க வைத்தேன், எல்லாம் செய்தேன். அதற்காகச் சாகிற விஷயத்தைச் சொல்லாமல் இருப்பாயா? ஊர் பேர் தெரியாதவர்களிடம் சொல்லிவிட்டு என்னிடம் மறைக்கிற அளவுக்கு நான் உனக்கு அந்நியமாகிவிட்டேனா? ராத்திரி பகல் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பதில் இருக்கிறது என்று எழுதிவிட்டு விடு என்கிறாய். எப்படி விடுவது?

மருந்து ஏற்றும் நாட்களில் நான் வந்து உன் கூட இருக்கிறேன். அண்ணி ஒருத்தியால் முடியாது. வர வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே.

பாப்பா


ஏப்ரல் 25

பாப்பா,

வா, வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் வகுப்பை நிறுத்தியவளாக வராதே.

இரண்டாம் தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது. வாயில் எதை வைத்தாலும் சில்லறைக் காசைச் சப்புகிற மாதிரி இருக்கிறது. எத்தனை வருஷம் சில்லறையை வாயில் கவ்விக்கொண்டு டிக்கெட் கிழித்திருப்பேன், அந்த ருசி எனக்கு நன்றாகவே தெரியும். முடி கொட்டுகிறது. முதுகு வலிக்குக் கொடுத்த மாத்திரையில் பாதி நேரம் தூக்கம். அண்ணியைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது. நான் தூங்கினால் மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள்.

நீ வேலையை விட்டால் யாருக்கு லாபம்? எனக்குப் படம் காட்டினாரே, அந்த மாதிரி டாக்டர்கள் இன்னும் ஊரெல்லாம் இருக்கிறார்கள். என்னைப் போல வாயை மூடிக்கொண்டிருக்கிறவர்களும் இருக்கிறார்கள். நீ வீட்டில் உட்கார்ந்து அழுதால் அவர்கள் ஸ்கேனுக்குப் போய்விடுவார்களா? பேத்தாதே.

ஒன்று செய். அந்தக் கண்ணாடிக்காரப் பிள்ளை வேலை பார்க்கிற கிளினிக்குக்குப் போ. ஒரு ஓரமாக உட்கார்ந்து அவள் எப்படிக் கேட்கிறாள் என்று பார். அப்புறம் வந்து என்னிடம் வேலையை விடுகிறேன் என்று சொல்.

தேர்ச்சி போட்டாயா? மறந்திருப்பாய்.

அண்ணன்


மே 16

அண்ணா,

போய் வந்தேன். அண்ணியிடம் இதைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன், தாளைப் பிடிக்கக்கூட உனக்குக் கை நடுங்குகிறதாமே.

இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம். ஒரே அறைதான், நடுவில் திரை. கண்ணாடிக்காரி என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள், மார்க் விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். "நீ உன் வேலையைப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு மருந்து அலமாரிப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஒரு கொத்தனார் வந்தார். கையில் சிமெண்ட் காயவில்லை. விரலில் காயத்துக்குக் கட்டுப் போடத்தான் வந்திருந்தார். கட்டுப் போட்டுக்கொண்டே அவள் கேட்டாள். எடுத்ததும் "அஞ்சு" என்றார். உன் குரல் மாதிரியே இருந்தது. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "சரிங்க ஐயா. வேலை ஜாஸ்தி இருக்கிற நாள்ல?" என்றாள். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக முழுப் பாக்கெட்டும் வந்தது. அப்புறம் தாளை மூடி ஓரமாக வைத்துவிட்டு, "வேற ஏதாவது சொல்லணுமா ஐயா?" என்று கேட்டுச் சும்மா இருந்தாள். வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள், இவள் சும்மாவே இருக்கிறாள். அந்த மனிதர் கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று தலையாட்டினார். ஸ்கேன் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். நல்ல சீட்டு, அண்ணா. பின்னால் திருப்பிப் பார்த்தேன்.

அவள் தேர்ச்சியைத் திருத்திவிட்டேன். அவளிடம் உன்னைப் பற்றியும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், போட்டாள், மறுபடி கழற்றினாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"மேடம், அன்னிக்கு 'வீட்ல சொன்னீங்களா ஐயா?'ன்னு கேட்டேன். அவர் என்னைப் பாக்கலை. எனக்குப் பின்னாடி யாரையோ பாத்து வாயைத் திறந்தாரு. அதுக்குள்ள நீங்க கைதட்டிட்டீங்க. அவர் என்ன சொல்ல வந்தாரு?"

அவளுக்குப் பின்னால் யார் இருந்தார்கள்? சுவர், அந்த 'குற்றம் சொல்லாதே' அட்டை, அவ்வளவுதானே. நீ அட்டையைப் பார்த்தாயா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நீ என்ன சொல்ல வந்தாய் அண்ணா? தாங்க மாட்டேன் என்று நீயே முடிவு கட்டாதே. இதைத் தெரியாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதம் வகுப்பு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன்.

பாப்பா


மே 20

பாப்பா,

நானே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். அண்ணி முதுகுக்குத் தலையணையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

கொத்தனார் கதை நன்றாக இருந்தது. இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு என் ஆசீர்வாதம் சொல். வகுப்பில் நாற்காலியில் யாரை உட்கார வைத்தாலும் சரி, காவலாளியை மட்டும் வேண்டாம்.

உன் வீட்டில் சொல்ல எத்தனையோ தடவை வந்தேன். படியில் நிற்கும்போதே என் இருமல் உன் காதில் விழும். நீ திட்டுவாய், நானும் திட்டுவேன், திரும்பிவிடுவேன். வகுப்பில்தான் நீ திட்ட மாட்டாய். அங்கே யாரையும் திட்டக் கூடாது என்று நீயே எழுதி ஒட்டியிருக்கிறாய். அதனால்தான் அங்கே சொன்னேன். அந்த இருபது பேருக்காக நான் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளைக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று கேட்கிறாயே, மக்கு. மார்க் போடுகிறவள் எங்கே நிற்பாள்? அட்டைக்குக் கீழே நீதானே நின்றுகொண்டிருந்தாய். நான் உன்னைத்தான் பார்த்தேன். "வீட்ல சொன்னீங்களா ஐயா?" என்று அவள் கேட்டதற்கு, "இப்பதாம்மா சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கே வா.

அண்ணன்